தண்டமும் பின்னாளும்

நீதிநூலார் அரசர்க்குரிய உபாயங்களைச் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்காக வகுத்துத் தண்டத்தை இறுதிக்கண் வைத்தனர். முன்னைய மூன்றும் பயன்படாதவிடத்தன்றி நான்காவதைக் கைக்கொள்ளுதல் அறமாகாது என்பது கருத்து. பாரதத்திலே, ஐந்தூரேனும் தருகவெனக் கண்ணன் தூது சென்று வறிதே மீண்ட பின்னரே போர் மூண்டது. போர் முடிந்தபின் வென்ற தருமன், அம்புப்படுக்கையிற் கிடந்த வீடுமரை அடைந்து, அரசு நடாத்தும் முறையைக் கேட்டறிந்தான். போருக்கு முன் தூதும், பின் அரசியலறிவும் வேண்டப்படுதல் இதனாற் பெறப்படும்.

இறுதி என்பதைக் காலத்தால் இறுதி எனக் கொள்ளற்க. 1994 ஏப்பிரலில் ருவண்டாவிலே கொலை தொடங்கியபொழுது, ஐக்கிய நாடுகள் சபை அங்கிருந்த தன் படையைப் பெரிதுங் குறைத்தது. ஏறக்குறைய 100 நாள்களிற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். ஏனைய உபாயங்கள் பயன்படாமை தெளிவானபின் வாளாவிருத்தலும் பாவமேயாம்.

ஆயின், அவ்வாறு தெளிந்தோம் என்பார் கூற்றைச் சோதிப்பது எங்ஙனம்? சத்திரமிடும் வைத்தியன் புண் கட்டுஞ் சீலையும் பின்னர்க் கொடுக்கும் பத்தியமும் ஆயத்தமாக்கிய பின்னரே கத்தியை எடுப்பன். அவற்றை எண்ணாது கத்தி எடுத்தவன், மருந்தினால் நோய் தீருமோ என ஆராய்ந்தவனும் ஆகான். போரும் அத்தன்மைத்தே. பின்னாளின் துன்பத்தை அளவிடாதவன் போரை ஏனைய உபாயங்களோடு சீர்தூக்கினவன் ஆகான். அவன் அதனை இறுதி உபாயம் என்றல் வெறுஞ் சொல்லேயாம்.

2003 மார்ச்சு 20இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்கின்மேற் படையெடுத்தன. பேரழிவாயுதங்களைத் தேடிய ஐக்கிய நாடுகள் சபைச் சோதனையாளர் இன்னுஞ் சில மாதங்கள் வேண்டுமென்றனர், அவை அளிக்கப்பட்டில. ஏப்பிரல் 9இல் பக்தாத் வீழ்ந்தது. காரணமாகக் காட்டிய ஆயுதக் குவியல்கள் பின்னரும் அகப்பட்டில. காவலற்ற நகரிலே தேசிய நூதனசாலை சூறையாடப்பட்டது. மே மாதத்துக் கட்டளை ஒன்று பாத் கட்சியின் மேனிலையுறுப்பினரை அரசாங்க சேவையினின்றும் நீக்கிற்று. பல்லாயிரம் உபாத்தியாயரும் அதனாற் பதவியிழந்தனர். மற்றொரு கட்டளை சேனையைக் கலைக்க, படைப்பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் பிழைப்பின்றி நின்றனர். அவருட் பலர் பின்னெழுந்த கலகத்திற் சேர்ந்தமை வியப்பன்று.

பகைவன் வாயிலில் நிற்கையிற் பின்னாளை எண்ணக் காலமேது என்பாருமுளர். ஜேர்மனி வலிமை குன்றாதிருந்த 1942ஆம் ஆண்டிலேயே, கைப்பற்றும் நாடுகளை ஆளும் முறை கற்பித்தற்கு அமெரிக்கச் சேனை வர்ஜீனியாவிலுள்ள சார்லட்ஸ்வில் நகரில் ஒரு கல்விச்சாலை நிறுவிற்று. ஜேர்மனி பணிந்ததோ 1945 மே மாதத்தில். அதன்பின்னும் அந்நாட்டிற் பசியும் இடருமிருந்தன. எனினும், எண்ணுதற்குக் காலமில்லை என்னும் நியாயம் நில்லாதென்பது தெளிவு. தாமே நாள் குறித்துப் போர் தொடங்கினார்க்கு அந்நியாயம் சிறிதும் பொருந்தாது.

ஆகலின், உபாத்தியாயர்காள்! சரித்திர பாடத்தை வெற்றி பெற்ற நாளோடு நிறுத்தற்க. போருக்குமுன் எவ்வுபாயங்கள் முயலப்பட்டன, மறுவருடம் அவ்வூரிற் பாடசாலை திறந்ததா, வயல் விளைந்ததா, தோற்றவன் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று மாணாக்கரை வினவச் செய்ம்மின். அவ்வினாக்களைக் கேட்டு வளர்ந்தவர் போரை எளிதில் விரும்பார். விலக்கவியலாதெனின், அதன் பின்னாளையும் மறவார்.