குடத்தை விட்டுச் சென்றவள்

ஓவியத்தின் முன் நின்று வியப்பவர்களும் தண்ணீர்ப் பானையின் முன் நிற்பதில்லை. அன்றாடம் பயன்படுவது எளியது, பயன்பாட்டிற்கு அப்பாற்பட்டதே கலை என்னும் எண்ணம் நம்முள் ஊறிப்போயுள்ளது. இவ்வெண்ணம் பாத்திரங்களோடு மனிதரையும் தரம் பிரிக்கிறது என்பதே சிந்திக்கத்தக்கது.

நல்ல பானையின் அழகு எங்கிருந்து பிறக்கிறது? மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. குறுகிய வாய் நீரைச் சிந்தாமல் காக்கிறது. பிறர் தேவையை எண்ணிய கையின் கவனமே அங்கு வடிவம் பெறுகிறது. ஆனால் அந்தக் கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் இல்டிஃபான்சோ என்னும் பூர்வகுடிச் சிற்றூரில் வாழ்ந்து 1980இல் மறைந்தவர் மரியா மார்ட்டினெஸ். சக்கரமின்றி, மண்திரிகளைச் சுற்றி அடுக்கியே கலங்களை எழுப்பினார். கணவர் ஜூலியன் அவற்றில் சித்திரம் தீட்டினார். கருமையின்மேல் கருமையாய் மிளிர்ந்த அக்கலங்களின் அடியில் மரியா தம் பெயரை எழுதத் தொடங்கினார். பெயரின்றி வனைந்து மறைந்த எத்தனையோ தாய்மாரின் மரபில் அது சிறு செயலன்று.

மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களையே கலையாக்க முனைந்தவர் ஜூடி சிகாகோ என்னும் அமெரிக்கக் கலைஞர். பலருடைய உழைப்பின் துணையோடு 1974 முதல் 1979 வரை அவர் உருவாக்கிய 'இரவு விருந்து' இன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. முக்கோண மேசையில் பக்கத்திற்கு 13 பேராக 39 பெண்களுக்கு இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் தட்டு. பதின்மூவர் என்பது இறுதி இராவுணவை நினைவூட்டும் எண். தரையின் பீங்கான் ஓடுகளில் மேலும் 999 பெயர்கள். பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்டும் அம்மேசையில் இடம்பெற்றுள்ளார். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரைத் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது 2012இல்தான்.

பெண்ணுடலை நினைவூட்டும் அத்தட்டுகள் பலருக்குக் கூச்சம் தந்தன. இறைவன் படைத்த உடல் இழிவானதன்று. எனினும் ஞானத்தாலும் துணிவாலும் உயர்ந்தோரை உடலின் அடையாளத்தால் குறிப்பது போதுமா என்னும் வினாவும் நேர்மையானதே.

யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தின் சமாரியப் பெண் தண்ணீர் மொள்ளவே கிணற்றுக்கு வந்தாள். இயேசு அவளிடம் முதலில் கேட்டதும் தண்ணீரே. பின்னர் அவளோடு உரையாடியதோ உண்மை வழிபாட்டைப் பற்றி. அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் சென்று அவரைப்பற்றிச் சான்று பகர்ந்தாள். அவள் குடத்தை ஆண்டவர் இகழவில்லை. குடத்தைக் கொண்டு அவளை அளக்கவுமில்லை.

கலத்தைப் போற்றுவோம், அதை வனைந்தவரையும் சுமந்தவரையும் அறிவோம். அருங்காட்சியகத் தட்டை வியந்துவிட்டு, நாம் உண்ட தட்டைக் கழுவுகிறவரை மறந்தால் நம் இரசனை பொய்யாகும். அடுத்த பங்குத் திருவிழா விருந்தில், சமைத்தவர் யார், கடைசியில் உண்டவர் யார் என்று கேட்டறிவோம்; அவர்களுக்கும் மேசையில் இடம் ஒதுக்குவோம்.