முடிவை அறிந்தவனின் நீதி

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை டிவிடி இறுவட்டில் மீண்டும் காண்போர், முதற்பார்வையில் எழாத வினாவொன்றை எதிர்கொள்வர். 1967இல் ஒளிபரப்பான அங்கமொன்றில், பிறழ்ந்துபோன வரலாற்றைச் சீர்செய்யக் கப்டன் கேர்க் 1930ஆம் ஆண்டின் நியூயோர்க்கிற்குச் செல்கிறான். வறியோருக்கு உணவளிக்கும் ஈடித் கீலர் என்பாளைக் காதலிக்கிறான். அவள் பிழைத்தாலோ, அவளது சமாதான இயக்கம் அமெரிக்கா போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஹிட்லர் வெல்வான். எனவே, வாகனத்தின் முன் அகப்பட்ட அவளைக் காக்க விரையும் நண்பனைக் கேர்க் தடுத்துவிடுகிறான்.

முதன்முறை காண்போர் அடுத்து யாது நிகழுமென்றே பதைப்பர். மறுமுறை அப்பதைப்பு இல்லை. அச்செயல் அறமா என்ற விசாரமே எஞ்சும். பலரின் நலனுக்காக ஒருத்தியின் சாவு தகுமென அமைதி கொள்வோர் ஒன்றை மறக்கின்றனர். கேர்க் வருங்காலத்தை ஊகிக்கவில்லை. ஸ்பொக்கின் கருவியில் அதனைக் கண்டிருந்தான். கதையை மறுமுறை பார்ப்போனுக்குரிய அறிவு அது. வாழ்வில் அவ்வறிவு எவருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், நாளைய நன்மையின் பெயரால் இன்றைய உயிரைக் கேட்போர், முடிவைக் கண்டுவந்தவர் போன்றே பேசுகின்றனர். கேர்க்கின் செயலைப் பொறுக்கலாம். அவர்களது உறுதியை எங்ஙனம் பொறுப்பது?