பொறுமையும் பெருமையும்

ஸ்காட்லாந்தில் 1980-ல் திறக்கப்பட்ட மேற்கு மலைநாட்டு நடைபாதை 96 மைல் நீளமுள்ளது. அங்கே பகலெல்லாம் மழையிலும் எதிர்காற்றிலும் நடந்தவன், மாலையில் கூடாரம் அடிக்கும்போது தன் பொறுமையைத் தானே மெச்சிக்கொள்கிறான். காற்று ஓய்கிறது. ‘அப்பாடா!’ என்கிறான்.

அந்த ஓய்வுக்குத்தான் ‘மிட்ஜ்’ காத்திருந்தது. கொசுவினும் சிறிய பூச்சி அது. சதுப்பு நிலத்தில் பிறப்பது. மணிக்கு 7 மைல் வேகத்தில் காற்றடித்தால் பறக்க மாட்டாது. கடிப்பது பெண் பூச்சி மட்டுமே. ஒரு முறை முட்டையிட்டபின் மறுமுறை இட அதற்கு ரத்தம் வேண்டும். அதனிடம் பகை இல்லை, தேவைதான் இருக்கிறது. ஆனாலும் புயலுக்குக் கலங்காதவன், ஐந்தே நிமிஷத்தில் கூட வந்த நண்பன்மேல் எரிந்து விழுகிறான்!

ஏன்? புயலைத் தாங்கியதை ஊருக்குப் போய்ச் சொல்லலாம். பூச்சிக்கடியைத் தாங்கியதை யாரிடம் சொல்வது? அப்படியானால் பகலில் அவன் காட்டியது பொறுமையா, பெருமையா?

பெரிய இழப்புகளை நிமிர்ந்து நின்று ஏற்றவர்கள், ஆறிப்போன தேநீருக்காக வீட்டாரிடம் சீறுவதும் இதனால்தான். பூச்சிக்கு வலையுண்டு, போர்த்திக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால், மெச்சுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் எவ்வளவு எஞ்சுகிறதோ, அவ்வளவுதான் நம் பொறுமை.