தேர்தல் பந்தயமும் ஊழும்

தேர்தல் பந்தய விகிதம் என்பது ஒரு வேட்பாளரின் வெற்றிக்குப் பணம் கட்டுவோர் வைக்கும் விலை. ராஜஸ்தானின் பலோடி சட்டா சந்தையில் இதைப் 'பாவ்' என்பார்கள். பாவ் 30 பைசா என்றால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தவருக்கு ஆதாயம் 30 பைசா. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வெற்றிக்குச் சந்தை தரும் வாய்ப்பு ஏறக்குறைய 77 சதவீதம். இந்த 77 எதை அளக்கிறது? இனி நடக்கப்போவதையா, அதைப் பற்றி மனிதருக்கு உள்ள அரைகுறை அறிவையா?

தமிழில் இது பழைய வழக்கு. நடப்பதெல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஆசீவகர் என்ற பழைய சமயத்தாரின் கொள்கை. மணிமேகலை அதை எடுத்துரைக்கிறது. நீலகேசி அதனோடு வாதாடி மறுக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறளே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தருகிறது. ஆசீவகர் சொல்வது சரியென்றால் எந்த வேட்பாளரின் வாய்ப்பும் நூறாகவோ பூச்சியமாகவோதான் இருக்க முடியும்; 77 என்பது அறியாமையின் அளவு மட்டுமே. முயற்சிக்கு இடமுண்டு என்றால், இன்னும் உருவாகாத ஒன்றைப் பற்றிய மதிப்பீடு அது.

இந்த இரண்டும் ஒரே தேர்தலில் அடுத்தடுத்து வரும். தென்பெண்ணைக் கரையில் உள்ள பாகூர் கொம்யூன் சோரியாங்குப்பத்தில், புதுச்சேரியின் மற்ற ஊர்களைப் போலவே, 2024 மக்களவைத் தேர்தலுக்கு ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. எண்ணியது ஜூன் 4. வாக்குப்பதிவு நாள் மாலை வரிசையில் நின்ற கடைசி ஆள் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் மாறியிருக்கலாம். அதன்பின் 46 நாட்கள் முடிவு முத்திரையிட்ட அறைக்குள் இருந்தது. மாறுவதற்கு ஒன்றுமில்லை, தெரியாமல்தான் இருந்தது. ஆனால் பேச்சும் பந்தயமும் ஓயவில்லை. நாட்டின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1 அன்று முடிந்ததும் வாக்குக் கணிப்புகள் வந்தன. அவற்றை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ண எண்ண சுமார் 4,390 புள்ளிகள் சரிந்தது. அந்த இரண்டு நாளில் எந்த இயந்திரத்திலும் ஒரு வாக்குகூட இடம் மாறவில்லை. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய விகிதம் மனித மனங்களை மட்டுமே அளக்கிறது. முந்தைய விகிதம் அப்படியல்ல. இரண்டையும் ஒரே சதவீதக் குறியால் எழுதுவதால்தான் குழப்பம்.

விகிதம் பொய்த்துப்போனது என்று எப்போது சொல்லலாம்? பிரான்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் பிரான்சின் இரண்டு சுற்றுத் தேர்தல்களில் வாக்களிக்கின்றன. அந்நாட்டின் வலதுசாரிக் கட்சி 2016இல் தன் அதிபர் வேட்பாளரையும் இரண்டு சுற்றில் தேர்ந்தெடுத்தது. பல மாதங்கள் கணிப்புகளிலும் பந்தயச் சந்தையிலும் முன்னணியில் இருந்தவர் அலென் ழுப்பே. நவம்பர் 20 அன்று முதல் சுற்றில் பிரான்சுவா ஃபியோன் 44 சதவீதமும் ழுப்பே சுமார் 29 சதவீதமும் பெற்றார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் ஃபியோன் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு வென்றார். அடுத்த அதிபர் அவர்தான் என்ற பேச்சும் நிலைக்கவில்லை. மனைவிக்கு அளித்த நாடாளுமன்ற உதவியாளர் பணி சர்ச்சையானது. 2017 ஏப்ரலில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

எண்பது சதவீதம் என்று சொன்னவரைத் தோல்விக்குப் பிறகு பிடிக்க முடியாது. மீதி இருபதைத்தான் சொன்னேன் என்பார். சோதிடருக்கும் இந்த வசதி உண்டு. ஒருவர் ஆயிரம் முறை எண்பது என்று சொல்லி, அவற்றில் எண்ணூறு வாக்கில் பலித்தால், அவர் கணிப்புக்கு மதிப்புண்டு. ஆக, சதவீதத்தின் மெய்ம்மை கணிப்பவரின் நீண்ட பதிவேட்டில் இருக்கிறது. இந்த ஒரு தேர்தலின் விதியை அது காட்டாது.

அறக் கேள்வி தனி. போப்பாண்டவர் தேர்தலின்மீது பந்தயம் கட்டுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் போப் 14ஆம் கிரகோரி 1591இல் ஆணையிட்டார். சூதைப் பொருட்பாலில் வைத்த வள்ளுவர் செல்வமும் மானமும் அழிவதைக் கவலையோடு பார்க்கிறார். தேர்தல் பந்தயத்தில் இவற்றுக்கும் மேலாக ஒரு கேடு உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் பந்தயம் கட்டுபவர் பந்து வீச முடியாது; வாக்காளரோ ஆட்டக்காரர்களில் ஒருவர். பணம் கட்டிய பிறகு அவருடைய வாக்கும், அவர் சொல் கேட்பவர்களின் வாக்கும் பந்தயத்தின் பக்கம் சாயும். புதுச்சேரியின் சட்டமன்றத் தொகுதிகளும் சிறியவை: 2021இல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் என். ரங்கசாமி ஏனாமில் 655 வாக்கில் தோற்றார். தான் கட்டிய பணத்தைக் காக்க வாக்கு திரட்டுபவர் ஊழை நம்புவதாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஊழ்தான் முடிவு செய்யும் என்றால் திரட்டுவது எதற்கு?

சட்டம் தத்துவத்துக்குள் போகவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய உடன்பாடு செல்லாது. ஜெயித்தவர் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஆம், இல்லை என்று பணம் கட்டவைத்த ப்ரோபோ போன்ற செயலிகள், 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்துக்குப் பின் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டன.