மறுபாதியை யார் வரைவது?

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆனால் போதும், திருவாரூர் ஸ்டேஷனரி கடைகளில் பிரமிடு விற்பனைக்கு வந்துவிடும். தெர்மாகோலை வெட்டி ஒட்டி, மணல் நிறத்தில் பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஓர் ஒட்டகத்தையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். பிரமிடு கட்டிய காலத்து எகிப்தியர் பாரம் சுமக்க வைத்திருந்தது கழுதையை. ஒட்டகம் அங்கே புழக்கத்துக்கு வந்தது வெகு காலம் கழித்து. அதைப் பற்றிக் கடைக்காரருக்கும் கவலை இல்லை, வாங்குகிறவர்களுக்கும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் என்று ஒரு பாடம். அதில் எகிப்து வருகிறது. எகிப்து வந்தால் ப்ராஜெக்ட் வருகிறது. அப்பா கடைக்குப் போகிறார். அம்மா இரவு பதினொரு மணி வரை பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை தூங்கிவிடுகிறது. காலையில் பிரமிடு ஸ்கூட்டரில் ஏறிப் பள்ளிக்குப் போய், மதிப்பெண் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அடியில் ஒட்டிய லேபிளில் மட்டும் பிள்ளையின் பெயர்.

பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். பிள்ளை கஷ்டப்படக் கூடாது, நாலு பேர் முன்னால் அதன் வேலை அசிங்கமாக இருக்கக் கூடாது என்கிற பாசம்தான் அவர்களை விழித்திருக்க வைக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி விடாமல் நிற்கிறது. ஒரு குழந்தை செய்ய வேண்டிய வேலையில் எவ்வளவை நாம் செய்து கொடுக்கலாம்?

ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். எகிப்தியக் கலையை அவர்களுக்கு அறிமுகப்படுத்த நான் பிரமிடைத் தொடுவதில்லை. ஒரு வண்டிலிருந்து ஆரம்பிப்பேன். சாணியை உருட்டிக்கொண்டு போகுமே, அதே வண்டு. அது சாணி உருண்டையைத் தள்ளுவதைப் பார்த்த எகிப்தியர், சூரியனையும் இப்படித்தான் ஒரு தெய்வம் வானத்தில் உருட்டிக்கொண்டு போகிறது என்று நினைத்தார்கள். கெப்ரி என்பது அந்தத் தெய்வத்தின் பெயர். வண்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய இறக்கை வைத்து, பொன்னிலும் நீலக் கல்லிலும் பதக்கம் செய்து அரசர்களுக்கு அணிவித்தார்கள். “சாணி வண்டையா சாமின்னு கும்பிட்டாங்க?” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். மாட்டுச் சாணியைப் பிடித்துவைத்து அதில் பூசணிப்பூ செருகிக் கும்பிடுகிற ஊர்ப் பிள்ளைகள் என்பதால், சிரிப்பு அடங்கியதும் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

வண்டு செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. சார்ட் பேப்பரை நடுவில் மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி உடம்பு, ஒரு பக்கத்து இறக்கை, மூன்று கால். வெட்டிப் பிரித்தால் முழு வண்டு. பிரிக்கிற அந்த நொடியில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். தான் வரைந்தது பாதிதான், கையில் இருப்பது முழுசு. சமச்சீர் என்பதை ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் சில பக்கங்களில் விளக்குகிறது. கத்தரிக்கோல் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

பெரும்பாலான கைவேலை வகுப்புகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. உண்மையான பாடம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். மறுபாதியைச் செய்தது குழந்தை அல்ல, மடிப்பு. எகிப்தியச் சித்திரக்காரருக்கு அந்த வசதி இல்லை. கல்லறைச் சுவர் மடங்காது. வலப் பக்கத்து அரசனையும் இடப் பக்கத்து அரசனையும் அவர் தனித்தனியாக, கையால்தான் வரைந்தாக வேண்டும்.

எப்படி வரைந்தார்? நூலைச் செங்காவியில் தோய்த்து, சுவரின் மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார். சுவரில் சிவப்பாக ஒரு நேர்கோடு விழும். இப்படியே குறுக்கும் நெடுக்கும் அடித்தால் கட்டங்கள் கிடைத்துவிடும். நிற்கிற மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் 6-வது கோட்டில், தோள் 16-வது கோட்டில். உட்கார்ந்திருப்பவனுக்கு 14 கட்டம். நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை, கி.மு. ஏழாம் நூற்றாண்டு வாக்கில்தான் கட்டத்தைச் சிறிதாக்கி, மேல் இமை வரைக்கும் 21 என்று வைத்துக்கொண்டார்கள்.

இதைத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். கோலத்துக்குக் காவி கரைத்த கிண்ணத்தில் ட்வைன் நூலைத் தோய்த்து, இரண்டு பிள்ளைகள் இரு முனையையும் இழுத்துப் பிடிக்க, மூன்றாவது பிள்ளை சுண்டிவிடுகிறது. முதல் கோடு எப்போதும் கோணலாகத்தான் விழும். பிடித்தவர்களில் ஒருவர் கையைத் தளர்த்தியிருப்பார். ‘நீதான்’, ‘இல்ல நீதான்’ என்று ஒரு சண்டை நடக்கும். ஒரு நேர்கோடு விழ இரண்டு பேர் ஒரே விறைப்பாகப் பிடிக்க வேண்டும் என்பது சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. அதன்பின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லி, நடுவில் ஒரு கோடு; இடப் பக்கம் பாதி வண்டு; வலப் பக்கம் அதே வண்டைக் கட்டம் எண்ணி வரைய வேண்டும். இங்கே ஓட்டம் நிற்கும். “டீச்சர், இந்தப் பக்கம் றெக்க குண்டாயிடுச்சு” என்று ஒரு குரல். உடனே கை ரப்பரைத் தேடும்.

அப்போது நான் ஹொரெம்ஹெப் கல்லறையைப் பற்றிச் சொல்வேன். எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் 1908-ல் திறக்கப்பட்டது அது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்னால், ஓவிய வேலை முடியும் முன்பே அரசர் இறந்துவிட, சில சுவர்கள் அரைகுறையாக நின்றுவிட்டன. சிவப்பு மையில் போட்ட முதல் வரைவு அப்படியே இருக்கிறது. அதன் மேல் கறுப்பு மையில் திருத்தம்: கை இன்னும் கொஞ்சம் மேலே, தோள் இன்னும் கொஞ்சம் உள்ளே. முடிந்த சுவர்களில் இந்தத் திருத்தங்கள் வெளியே தெரியாமல் போய்விட்டன. நம் கண்ணுக்கு அப்பழுக்கில்லாத ஒழுங்காகத் தெரிகிற எகிப்தியக் கலை, உண்மையில் திருத்தித் திருத்திப் பிடித்த ஒழுங்கு. அந்தச் சித்திரக்காரர்கள் குடியிருந்த தெய்ர் எல்-மதீனா கிராமத்தில் வரைந்து பழகிய சுண்ணாம்புக்கல் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தேர்ந்த கையும் உண்டு, தடுமாறுகிற கையும் உண்டு.

இதைக் கேட்ட பிறகு ரப்பர் கேட்கும் குரல்கள் குறைகின்றன. நான் வேறு நிறப் பென்சில் ஒன்றைக் கொடுத்து, ‘அழிக்காதே, மேலேயே திருத்து’ என்பேன். தப்பும் தெரியும், சரியும் தெரியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும்.

நம் வீட்டு வாசலிலும் இதே பாடம் தினமும் நடக்கிறது. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-ல் நிறுத்தம் என்று ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும் ஒன்றுபோல விரிகிற அந்தக் கோலத்தைப் போடுகிறவருக்கு இருப்பது ஒரே ஒரு வலக்கை. குனிந்து, நகர்ந்து, திரும்பி, ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகப் போட்டாக வேண்டும். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணமாகவே எழுதிக்காட்டினார்கள். இன்று ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது, அச்சுத் தட்டும் வந்துவிட்டது. மாவைக் கொட்டித் தேய்த்தால் முடிந்தது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது உதவி, அதில் தப்பேதும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கிற பிள்ளைக்கு அச்சுத் தட்டைக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? என் திண்ணையில் பையன்களும் புள்ளி வைக்கிறார்கள். “ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர் கோலம்?” என்று ஒரு பாட்டி கேட்டார். எகிப்தில் இதைச் சுவரில் செய்து பிழைத்தவர்கள் ஆண்கள்தான் என்றேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பேரனை அனுப்புவதை நிறுத்தவும் இல்லை.

எகிப்து எதற்கு, நம் ஊர்க் கலை போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. எகிப்து அப்படியொன்றும் அந்நியமில்லை. ரோமானியர் ஆண்ட காலத்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் உறவு கொண்டாடுவதற்காக நான் எகிப்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தூரத்து ஊர்க்காரன் சுவரில் கட்டம் போட்டதைப் பார்த்த பிறகுதான், தினமும் மிதித்துக்கொண்டு போகிற வாசல் புள்ளிகள் குழந்தையின் கண்ணில் படுகின்றன.

இன்னொரு விஷயமும் எகிப்திடம் இருக்கிறது. அங்கே மறுபாதி முதல் பாதியின் நகல் அல்ல. 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த கல்லறையில் கிடைத்த துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் படத்தில் பார்க்காத பிள்ளை இல்லை. பத்துக் கிலோவுக்கு மேல் எடை. நடுவில் கோடு போட்டால் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். நெற்றியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் கழுகின் தலை, மறு பக்கம் படமெடுத்த நாகம். கழுகு, தெற்கே இருந்த மேல் எகிப்தின் தெய்வம்; நாகம், வடக்கே இருந்த கீழ் எகிப்தின் தெய்வம். அரசர்களின் அரியணைப் பக்கங்களில் இரண்டு செடிகளைச் சேர்த்து முடிச்சுப் போடுகிற காட்சி வரும். ஒன்று மேல் எகிப்தின் செடி, மற்றது கீழ் எகிப்தின் பாப்பிரஸ். நிற்கிற அரசன் சிலை தூணைப் போல நேராக இருக்கும், இடக்காலை மட்டும் ஒரு எட்டு முன்னால் வைத்திருக்கும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் முதலில் சொல்லக் கூடாது. படத்தைக் கையில் கொடுத்து, ‘இரண்டு பக்கமும் எங்கே ஒத்துப்போகவில்லை, கண்டுபிடி’ என்று சொல்ல வேண்டும். ஒத்துப்போகிற இடத்தைக் கண் தானாகவே பார்த்துவிடும். ஒத்துப்போகாத இடத்தைப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்.

நம் பக்கத்துச் சுவாமிமலையில் படிமம் வார்க்கிற ஸ்தபதிகளிடமும் ஒரு மடிப்பு உண்டு. படிமத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, கணக்காக மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, தொடை எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஓலையில் இருக்கிறது. ஆனால் வண்டை வெட்டிக்கொடுத்த மடிப்பைப் போல அது வேலையைச் செய்து கொடுப்பதில்லை. அளவை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மெழுகைப் பிடித்து உருவம் கொண்டுவருவது கைதான். அந்த அளவிலிருந்துதான் இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்த அம்மனும் ஒரு காலைத் தூக்கிய நடராசரும் வருகிறார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவைக் கொடுங்கள், உருவத்தைக் கொடுக்காதீர்கள்.

தியாகராசர் கோயிலுக்குப் போகிறவர்கள் தேவாசிரியன் மண்டபத்தின் விதானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். முசுகுந்தன் கதை வரிசை வரிசையாக, பட்டி பட்டியாக ஓடுகிறது. படத்தோடு தமிழில் விளக்க வரியும் உண்டு. எகிப்தியச் சுவர்களும் இப்படித்தான் பட்டி பிரித்து, படமும் எழுத்துமாகக் கதை சொல்லும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை வரைந்தவர் சிங்காதனம். அங்கேயே தம் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். தாம் செய்த வேலைக்கு அடியில் தம் பெயர். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

தெர்மாகோல் பிரமிடின் லேபிளில் இருக்கிற பெயருக்கு அந்த உரிமை இல்லை. அது குழந்தைக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாததால், தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ளவும் அது பழகிவிடுகிறது. ப்ராஜெக்டால் வருகிற பெரிய நஷ்டம் இதுதான். பசைக்கும் பெயின்ட்டுக்கும் ஆன செலவு அல்ல.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை எகிப்து என்று வந்து நின்றால் கடைக்குப் போகாதீர்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, ஸ்கேல் ஒன்று, இரண்டு நிறத்தில் பென்சில். பக்கத்தில் உட்காருங்கள், கட்டத்தை எண்ணக் கூட இருங்கள், கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய நேரான பிரமிடுக்கும் ஒரு பக்கத்து இறக்கை குண்டான வண்டுக்கும் இடையில் முடிவு செய்ய வேண்டி வந்தால், வண்டுக்கு மதிப்பெண் போடுங்கள். அதை வரைந்தது அந்தப் பிள்ளை.