கயிற்றின் மறுமுனை

கண்ணை மூடுகிற மாதிரி ஒரு பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். அடுத்த நொடி, நீங்கள் நிற்பது ஒரு கழிவுத் தொட்டியின் விளிம்பில். எட்டிப் பார்த்தால், உள்ளே உங்கள் கூட்டாளி மயங்கிக் கிடக்கிறான். என்ன செய்வீர்கள்?

இறங்கினால் நீங்களும் காலி. ஆனால், பெட்டியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். தொழிலாளர்களுக்கான 'வி.ஆர்.' பாதுகாப்புப் பயிற்சியில் இதுதான் வசதி. செத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்!

நிஜத்தில் அந்த வசதி இல்லை. 2025 மே மாதம், பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போனவர்களில் மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். இந்த மாதிரித் தொட்டிகளில் சேருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு பொல்லாத வாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கே மரத்துவிடும். 'அப்பாடா, நாத்தம் போயிருச்சு' என்று நினைக்கிற நேரத்தில்தான் எமன் பக்கத்தில் நிற்பான்.

இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவிகிதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-லேயே சொன்னது, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். ஆக, பயிற்சியின் முதல் பாடமே, 'கூட்டாளி விழுந்தா நீ எறங்காதே' என்பதுதான்.

கேட்கவே கொடூரமாக இல்லை? கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பார்த்தால் எந்த மனசும் பதறும். அந்தப் பதற்றம்தான் இரக்கத்தின் முளை என்றார் சீன ஞானி மென்சியஸ். அதையா அடக்கச் சொல்வது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதறுங்கள், கத்துங்கள், ஆள் கூப்பிடுங்கள், ஃபயர் சர்வீஸுக்கு போன் போடுங்கள். வெறுங்கையோடு இறங்க மட்டும் வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. பெட்டிக்குள் 'இறங்க மாட்டேன்' என்றால் முழு மார்க். வெளியே? "ரெண்டு நிமிச வேலைதானுங்க, சட்டுன்னு எறங்கி ஏறிருங்க" என்று மேஸ்திரி சொல்லும்போது மறுத்தால், நாளைக்கு வேலை உண்டா? கூலியை நினைத்து இறங்கிச் செத்தாலோ, "அதான் ட்ரெய்னிங் குடுத்தோமே" என்று பழி செத்தவன் தலையில்!

இத்தனைக்கும், 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு தெளிவாகவே எழுதிவைத்திருந்தது. வாயுவை வெளியேற்ற வேண்டும். ஆபத்தில்லை என்று தகுதியானவர் சோதித்து எழுதித் தர வேண்டும். இல்லையென்றால், இறங்குகிறவருக்குச் சுவாசக் கருவி, இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனை, வெளியே நிற்கிறவர் கையில்.

அந்த மறுமுனை ஆள் வேஷத்தை முதலாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பெட்டியை அவர் மாட்டிக்கொள்ளட்டும். உள்ளே ஆள் சரிகிறான். கயிறு எங்கே, கருவி எங்கே என்று அவர் தேடட்டும்.