ஆபாசம் என்றொரு சொல்

புதுப்படம் வெளியாகும் முதல் நாளன்று முதற்காட்சிக்கு முண்டியடித்துக்கொண்டு போகிறவர்களின் வரிசையில் நான் ஒருநாளும் நின்றவனல்லன். ஆரவாரமெல்லாம் அடங்கி, ரசிகர்கள் வீசிய கடதாசித் துண்டுகளைக் கூட்டி அள்ளிய பிறகு, இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை மாலையில், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், ஓடுவது யாருடைய படம் என்றுகூட விசாரியாமல், கனடாவின் றிச்மண்ட் ஹில்லிலுள்ள யோர்க் சினிமாஸ் கொட்டகையின் முன்னே காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிற இனத்தைச் சேர்ந்தவன் நான். படம் நன்றாக அமைந்தால் அது அதிர்ஷ்டம். அமையாவிட்டால், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வெதுவெதுப்பான இருட்டில் இரண்டரை மணி நேரம் தமிழ் காதில் விழுந்ததே என்ற அளவில் திருப்தி. யாழ்ப்பாணத்து வெலிங்டன் தியேட்டரிலும் மனோகராவிலும் இளமையில் பிடித்த பழக்கம், கடல் கடந்தும் விட்டபாடில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு அண்மையில் இன்னொரு விநோதமும் வந்து சேர்ந்தது. படம் தொடங்கும்வரை நடைகூடத்தில் தொங்கும் போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். ஒருநாள், அரிவாளும் கையுமாகத் தீப்பிழம்பைப் பின்னே விட்டு நடந்துவரும் கதாநாயகன் ஒருவனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த அரிவாளுக்குப் பதிலாகப் பனி அள்ளும் சவள் ஒன்று அவன் கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. தமக்கையின் மகளிடம் சொன்னேன். கணினியில் படங்களை வெட்டி ஒட்டும் வித்தையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். தீப்பிழம்பு இருந்த இடத்தில் பனி வாரும் வண்டி ஒன்று வந்து நின்று, நாயகன் அப்போதுதான் துப்புரவாக்கிய வாசலிலேயே தெருப்பனி முழுவதையும் தள்ளிக்கொண்டிருந்தது. தலைப்பு, ‘வாசல் காத்த வீரன்’; கீழே சிவப்புப் பட்டையில், ‘வெற்றிகரமான ஐந்தாவது மாதம்’. அதற்குப் பிறகு நான் பார்த்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு போலிப் போஸ்டர் பிறக்கலாயிற்று.

பேவியூ வீதியிலுள்ள பிள்ளையார் கோயிலில் அடிக்கடி சந்திக்கும் பெரியவர் ஒருவரிடம், இளைப்பாறிய தமிழாசிரியர் அவர், ஒருநாள் இவற்றைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் நெடுநேரம் பார்த்தவர், “ஆபாசம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு, பிரசாதம் வாங்கப் போய்விட்டார். எந்தப் பொருளில் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆயினும், அச்சொல் தைத்த முள்ளாய் உள்ளே கிடந்து என்னை யோசிக்க வைத்தது.

இன்றைய தமிழில் ஆபாசம் என்றால் அருவருக்கத்தக்கது, ஒழுக்கக் கேடானது என்றே பொருள். தமிழ்நாட்டில் சினிமாச் சுவரொட்டிகளின் மீது மாதர் சங்கத்தினர் தார் பூசியதெல்லாம் அந்தப் பொருளை வைத்துத்தான். ஆனால் வடமொழியில் அது இத்தகைய அவமானம் எதுவும் சுமவாத சொல். தோற்றம், சாயல், உண்மையைப் போல ஒளிர்ந்து உண்மையாக நில்லாதது என்பனவே அதன் பொருள். நியாயம்போல் தோன்றி நியாயமாகாத காரணத்தைத் தர்க்க சாஸ்திரிகள் ஹேத்வாபாசம் என்றார்கள். புத்தியில் விழும் சைதன்யத்தின் பிரதிபிம்பத்தை வேதாந்திகள் சிதாபாசம் என்றார்கள். காஷ்மீரத்துச் சைவர்களோ இன்னும் துணிந்து, உலகம் முழுவதுமே சிவத்தின் ஆபாசம், அதாவது அவன் ஒளிர்ந்து காட்டும் தோற்றம், என்று அச்சொல்லைச் சிம்மாசனத்திலேயே ஏற்றிவிட்டார்கள். அங்ஙனம் வீற்றிருந்த சொல் நம் ஊர்ச் சுவரில் தார் பூசப்பட்டுக் கிடப்பதை எண்ணும்போது, சொற்களுக்கும் ஜாதகம் உண்டோ என்றே தோன்றுகிறது.

சிருங்காரத்தின் அநுகரணத்திலிருந்து ஹாஸ்யம் பிறக்கிறது என்பது நாட்டிய சாஸ்திரத்தின் கொள்கை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் அதை விரித்து, சிருங்காரம் மாத்திரமன்று, எந்த ரஸமும் தனக்குரிய இடமல்லாத இடத்தில் தோன்றுமானால் அது ரஸாபாசம், அதிலிருந்து பிறப்பது சிரிப்பே என்றார். சீதையின்மேல் இராவணன் கொண்ட காதல் அவர் காட்டும் உதாரணம். சிப்பியில் தோன்றும் வெள்ளி அவர் எடுத்தாளும் உவமை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், எட்டுக் கார்கள் ஆகாயத்தில் பறக்க, தலைமயிர் ஒன்றும் கலையாமல் நடந்துவரும் நாயகனின் படமே வீர ரஸத்தின் ஆபாசமாகிறது. நான் செய்ததெல்லாம் சிப்பியைச் சற்றே திருப்பிப் பிடித்ததுதான். ஆபாசத்தை உண்டாக்கினவன் நானல்லன். ஆபாசத்துக்கு ஓர் ஆபாசம் செய்தவன் என்று வேண்டுமானால் பெரியவர் என்னைக் குற்றம் சாட்டலாம்.

இதற்கு முன்னோடி தேடினால், நம் மண்ணில் ஓர் அரசரே அகப்படுகிறார். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவர், குகைக்குடைவரைகளில் தமக்கு வெட்டுவித்த விருதுப் பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பதும் மத்தவிலாசன் என்பதும் உண்டு. சித்திரமும் பரிகாசமும் ஒரே ஆளிடம் கூடியிருந்தன என்பதற்கு இதைவிடச் சாசனம் வேறு வேண்டுமோ! அவர் எழுதிய மத்தவிலாசப் பிரஹசனத்தில், சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு காஞ்சியின் கள்ளுக்கடைக்குள் நுழைந்து, மது மயக்கத்தில் அந்தக் கடையை யாகசாலையாகவே காண்கிறான். கள்ளே சோமபானம், குடிகாரரே ருத்விக்குகள் என்று, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றை ஈடு வைத்து, அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். அரிவாளுக்குச் சவளும் தீப்பிழம்புக்குப் பனி வண்டியும் வைத்த என் கைவேலை வேறென்ன? பிறகு அவனுடைய கபாலம் காணாமற்போகிறது. பௌத்த பிக்குவின் பாத்திரத்தைத்தான் தன்னுடையதென்று பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறான். பாசுபதன் ஒருவன் மத்தியஸ்தம் செய்ய வருகிறான். முடிவில், கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய், அதை மீட்டுக் கொணர்வது ஒரு பைத்தியக்காரன். சமயவாதிகள் இத்தனை பேர் கூடியும் காணாத உண்மையைக் கையில் வைத்திருந்தவன் பித்தன் என்பதை அரசர் வேண்டுமென்றேதான் அமைத்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சைவத் துறவியை இத்தனை எள்ளி நகையாடும் இந்த நாடகத்தைத்தான் வட கேரளத்துக் கோயில்களில் சாக்கையர்கள் வழிபாடாகவே ஆடி வந்திருக்கிறார்கள், பிள்ளைப்பேறு வேண்டியவர்கள் அதை நேர்ந்துகொள்வார்களாம். தெய்வத்துக்குச் சிரிப்பு ஆகாது என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது என்று பெரியவரைக் கேட்கலாம் என்றிருந்தேன், கேட்கவில்லை.

தொல்காப்பியரும் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் முதலில் வைத்தார்; நகை பிறக்கும் நிலைக்களன்களிலும் எள்ளலே முதலாவது. சுந்தரமூர்த்தி நாயனாரின் முதற்பதிகம் இறைவனைப் பித்தனென்று ஏசியே தொடங்கியது. நிந்தாஸ்துதி என்று அதற்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது. வைவதும் வாழ்த்துவதும் நெருங்கின உறவு என்பதை நம்மவர் நன்றாய் அறிந்திருந்தார்கள்.

நம் காலத்து விவகாரம் சற்று வேறு. கதாநாயகனின் கட்டவுட்டுக்குக் குடம் குடமாகப் பாலாபிஷேகம் நடக்கும் நாட்டில், போஸ்டர் என்பது வெறும் விளம்பரமன்று. அது ஏறக்குறைய உற்சவமூர்த்தி. ஆகவே அதைப் பரிகசிப்பதில் விக்கிரகத்தை உடைப்பவனின் ஆவேசமும் சிறிது கலந்திருக்கிறது. சி. எஸ். அமுதன் இயக்கி 2010இல் வெளியான ‘தமிழ்ப் படம்’ முழுவதும் அந்த ஆவேசமே விளையாட்டாக மாறி ஓடியது. 2018இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கோ, படத்துக்கு முன்பே போஸ்டர்கள் புகழ்பெற்றன. பிற படங்களின் போஸ்டர்களைக் கேலி செய்ததோடு நில்லாமல், 2017 பெப்ரவரி 7ஆம் திகதி இரவு மெரினாவில் ஜெயலலிதாவின் நினைவிடத்தின் முன்னே ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி அமர்ந்திருந்த கோலத்தில், நாயகன் சிவாவை அமர்த்திய போஸ்டர் ஒன்றும் வந்தது. அரசியலில் நடந்ததும் ஒரு போஸ்டர்தானே என்று அது வாய் திறவாமல் சொல்லிற்று.

இங்கே நிறுத்தியிருந்தால் என் கட்சி வென்றதென்று நான் இருந்துவிடலாம். ஆனால் ஒரு மாலையில் நடந்தது வேறு. படத்தில் தாய் சாகக் கிடந்தாள். மகன் அவள் காலடியில் விழுந்து கதறினான். நானோ, அந்தக் கட்டிலின் மேல் எந்தத் தலைப்பை எழுதினால் பொருந்தும், அந்த மருந்துக் குழாயின் இடத்தில் எதைத் தொங்கவிடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆசனத்தில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொடுத்த காசுக்குப் படம் பார்த்தவர் அவர்தான். நான் ஒரு சிப்பியைக் கண்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வந்தேன். வெள்ளியன்று என்று தெரிந்துகொள்வதில் உள்ள சாமர்த்தியம், அதன் பளபளப்பில் ஒரு கணமேனும் மகிழும் சக்தியைப் பறித்துக்கொண்டு போய்விடுமானால், அது விவேகந்தானா? அன்றிரவு இந்தக் கேள்வி என்னை நன்றாக உறங்கவிடவில்லை.

விடை என்று சொல்லக்கூடியது எதுவும் நூல்களிலிருந்து வரவில்லை. வீட்டுப் பூசையிலிருந்து வந்தது. எந்தச் சுபகாரியமானாலும் எங்கள் வீட்டில் முதலில் மஞ்சளைக் குழைத்து ஒரு பிள்ளையார் பிடித்து, தலையில் அறுகம்புல் செருகி வைப்போம். பிடிக்கும் கைக்குத் தெரியும் அது மஞ்சள் என்று. ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை அது சமையலறைப் போத்தலில் இருந்தது. ஆவாகனம் செய்தபின் அந்தக் கையே கூப்புகிறது. பூசை முடிந்ததும் அந்தக் கையே அதை நீரில் கரைக்கிறது. கூப்பும்போது மஞ்சளை மறந்தவனும் இல்லை, கரைக்கும்போது பிள்ளையாரை இகழ்ந்தவனும் இல்லை. போலி என்று அறிவதும் போலியின்முன் வணங்குவதும் ஒரே மனத்தில் சண்டையின்றி உட்கார்ந்திருக்கும் இந்தச் சாதாரண வித்தை எங்கள் பாட்டிமாருக்குக் கைவந்திருந்தது. எனக்கு அது கைநழுவியது எப்போது என்றுதான் தெரியவில்லை.

றிச்மண்ட் ஹில்லில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. 1935இல், கணவரின் நினைவாக ஒரு விதவை கொடுத்த நன்கொடையில் எழுந்த டேவிட் டன்லப் வானாய்வுக்கூடம் அது. அங்குள்ள 74 அங்குலத் தொலைநோக்கி, திறக்கப்பட்ட நாளில் உலகிலேயே இரண்டாவது பெரியதாக இருந்தது. அதைக் கொண்டு 1971இலும் அடுத்த ஆண்டிலும் ரொம் போல்ற்றன் என்ற வானியலாளர் ஒரு நீல நட்சத்திரத்தை உற்றுநோக்கினார். 5.6 நாட்களுக்கு ஒருமுறை அது எதையோ சுற்றித் தள்ளாடியது. சுற்றப்படும் பொருளோ கண்ணுக்குத் தோன்றவில்லை. புகையைக் கண்டு மலையில் நெருப்பை அநுமானித்த நம் பழைய தார்க்கிகனைப்போல, அந்தத் தள்ளாட்டத்தைக் கண்டு, ஒளியும் தப்ப முடியாத கருந்துளை ஒன்று அங்கே இருக்கிறதென்று அவர் நிச்சயித்தார். நல்ல போலிப் போஸ்டரும் இப்படிப்பட்டதுதான். மூலப் படம் அதில் எங்கும் இல்லை. ஆனால் அதன் கோடு ஒவ்வொன்றும் அந்த மூலத்தின் ஈர்ப்பினால்தான் வளைந்திருக்கிறது. மூலத்தை அறியாதவனுக்குச் சிரிப்பு வராது. நேசியாதவனுக்கு அதைச் செய்யவே வராது. இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமைகளில் கொட்டகைக்குப் போகாத ஒருவன் பனிச்சவளைப் பற்றி எதற்காக யோசிக்கப் போகிறான்?

சென்ற விநாயக சதுர்த்தியன்று கோயிலில் சனம் அலைமோதியது. பூசை முடிந்து நானும் மருமகளும் கார் தரிப்பிடத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மோதகத்தைக் கடித்துக்கொண்டே, “மாமா, பிள்ளையாருக்கும் ஒரு போஸ்டர் செய்வமா?” என்று கேட்டாள். திடுக்கிட்டாலும், அதை மறைத்துக்கொண்டு, அன்றைக்குரிய கதையைச் சொன்னேன். வயிறு முட்ட மோதகம் தின்று, மூஞ்சூறின்மேல் ஏறி வந்த பிள்ளையார் இடறி விழுந்ததும், அதைக் கண்டு சந்திரன் வாய்விட்டுச் சிரித்ததும், தேய்ந்து போ என்று சாபம் விழுந்ததும், தேவர்கள் மன்றாடியபின் சதுர்த்தியன்று மட்டும் அவனை யாரும் பார்க்கலாகாது என்ற அளவில் சாபம் குறைந்ததும், அதனால்தான் நாம் இப்போது நிலம் பார்த்து நடக்கிறோம் என்பதுமாகச் சொல்லி முடித்தேன்.

“பிறகு சந்திரனுக்கு என்ன நடந்தது?”

“பிள்ளையார் அவனைத் தன்ரை நெத்தியில வச்சுக்கொண்டார், பிள்ளை. பாலசந்திரர் எண்டு அவருக்கு ஒரு பேரே இருக்கு.”

அவள் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப, சிரிச்ச ஆளைத்தான் நெத்தியில வச்சிருக்கிறாரோ?” என்றாள்.

நான் தாரையே பார்த்தபடி திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கார்க் கதவைத் திறந்து நிமிர்ந்தபோது, அவள் மேற்கே திரும்பி நின்று, மரங்களுக்கு மேலே தாழ்ந்து கிடந்த பிறையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.